சிறப்புக் கல்வி ஆசிரியராக: டி.எட். போதுமா, பி.எட். வேண்டுமா, தெரபி பக்கம் போகலாமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு சிலர், டிகிரி முடித்த கையோடு சிலர் என்று ஆண்டுதோறும் என்னிடம் வந்து சேரும் கேள்வி இது: "ஸ்பெஷல் எஜுகேஷன் படிக்கலாமா? டி.எட்.டா, பி.எட்.டா?" (டி.எட். பிளஸ் டூ முடித்ததும் படிக்கும் டிப்ளமோ, பி.எட். பட்டம் முடித்த பிறகு படிப்பது.) கேட்பவர்களைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரித்துவிடலாம். தம்பியோ தங்கையோ மாற்றுத்திறனாளியாக இருக்கிற வீட்டுப் பிள்ளைகள். பொது பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள். அப்புறம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் அம்மாக்கள். இவர்கள் தெரபி சென்டர்களுக்கு அலைந்து அலைந்தே பாதிப் பாடத்தைக் கற்றுக்கொண்டவர்கள்.

மூன்று பேருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் மூன்று பேருமே படிப்பிலிருந்து தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால், எந்தக் குழந்தைகளோடு, எந்த மாதிரி இடத்தில் வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அது தெரிந்துவிட்டால் படிப்பு தானாகவே வந்து நிற்கும்.

முதலில் பதிவெண்

எந்த வழியில் போனாலும் இது பொது. இந்தியாவில் இந்தத் தொழிலுக்கான படிப்புகளை அங்கீகரிப்பது இந்திய மறுவாழ்வு கவுன்சில். எல்லோரும் ஆர்.சி.ஐ. என்றே சொல்வார்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்குகிறது. அது அங்கீகரித்த படிப்பை முடித்து, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் பதிந்து எண் வாங்கியவர்தான் சிறப்புக் கல்வி ஆசிரியர். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. 1,000 ரூபாய்க்கு யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் "மூன்று மாத ஆட்டிசம் டிப்ளமோ", "ஷேடோ டீச்சர் சர்ட்டிஃபிகேட்" என்று விளம்பரங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் ஏதாவது கற்றுக்கொள்ளலாம், மறுக்கவில்லை. ஆனால் பதிவெண் வராது. பதிவெண் இல்லாமல் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. நல்ல தனியார் பள்ளியும் நேர்காணலில் முதலில் அதைத்தான் கேட்கும்.

குறுகிய காலப் படிப்புகளில் மதிப்புள்ள ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் சி.பி.ஐ.டி., அதாவது சமூகம் சார்ந்த, எல்லோரையும் உள்ளடக்கிய வளர்ச்சிக்கான டிப்ளமோ. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆர்.சி.ஐ. 2021இல் தொடங்கிய ஆறு மாதப் படிப்பு அது. ஆனால் அது களப்பணியாளரைத்தான் உருவாக்கும், ஆசிரியரை அல்ல. வீடு வீடாகப் போய்க் குடும்பங்களோடு பேச, சான்றிதழ், உதவித்தொகை, பள்ளிச் சேர்க்கை என்று வழிகாட்டப் பிடிக்கும் என்றால் பாருங்கள்.

எந்தக் குழந்தைகள்?

டி.எட். ஆனாலும் பி.எட். ஆனாலும் சேரும்போதே ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: செவித்திறன் குறைபாடு, பார்வைத்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்று, அந்தப் படிப்பில் எவை இருக்கின்றனவோ அவற்றிலிருந்து. பலர் கல்லூரியில் எந்தப் பிரிவில் இடம் இருக்கிறதோ அதில் சேர்ந்துவிடுகிறார்கள். இது நிதானமாக எடுக்க வேண்டிய முடிவு. ஏனென்றால் வேலை எங்கே கிடைக்கும் என்பதை டி.எட்., பி.எட். என்ற வித்தியாசத்தைவிட இந்தப் பிரிவுதான் அதிகம் தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டு நிலவரத்தைப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை நடத்தும் அரசு சிறப்புப் பள்ளிகள் பெரும்பாலும் பார்வைத்திறன், செவித்திறன் குறைபாடு உடையவர்களுக்கானவை. பூந்தமல்லியிலும் திருச்சியிலும் இருக்கிற பார்வைத்திறன் குறைபாடு உடையோருக்கான மேல்நிலைப் பள்ளிகளை உதாரணமாகச் சொல்லலாம். காலமுறை ஊதியம், பதவி உயர்வு என்று முறையான அரசு வேலை வேண்டுமென்றால் அந்த வாசல் இந்த இரண்டு பிரிவுகளுக்குத்தான் அதிகம் திறந்திருக்கிறது. ஆனால் பணியிடங்கள் குறைவு. அறிவிப்பு எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது.

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் பக்கம் நிலைமை நேரெதிர். இங்கே பள்ளிகளைப் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களும் அறக்கட்டளைகளும்தான் நடத்துகின்றன. சில இடங்களில் அரசு மானியம் உண்டு. நிரந்தர அரசுப் பணி அரிது, ஆனால் வேலை இல்லாமல் இருக்க மாட்டீர்கள். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அப்போதுதான் பட்டியலுக்குள் வந்தன. அதற்குப் பிறகு தேவை இந்தப் பக்கம்தான் வளர்ந்திருக்கிறது.

கற்றல் குறைபாடு தனி உலகம். டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிப்பதில் சிரமம் உள்ள பிள்ளைகள் சாதாரணப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். அதனால் இந்தப் பிரிவில் படித்தவர்களுக்கு வேலை நகரத்துத் தனியார் பள்ளிகளின் ரிசோர்ஸ் ரூமில், அதாவது இந்தப் பிள்ளைகளுக்குத் தனியாகக் கற்றுக்கொடுக்கும் அறையில். சி.பி.எஸ்.இ. தன் இணைப்புப் பள்ளிகளில் ஸ்பெஷல் எஜுகேட்டர் இருக்க வேண்டும் என்று விதித்திருப்பதால் சென்னை, கோவை போன்ற ஊர்களில் வாய்ப்பு உண்டு. உசிலம்பட்டியிலோ திருத்துறைப்பூண்டியிலோ இருந்துகொண்டு இதை நம்பிப் படிப்பது சிரமம்.

வேலையின் தன்மையும் பிரிவுக்குப் பிரிவு மாறும். பார்வைத்திறன் பிரிவில் நீங்கள் பிரெய்லி, தொட்டுப் பார்த்துக் கணக்குப் போடும் டெய்லர் பலகை, அபாகஸ் எல்லாம் கற்று, கணக்கையும் வரலாற்றையும் பாடமாகவே நடத்துவீர்கள். அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில் பாடப் புத்தகம் பின்னால் போய்விடும். பல் துலக்குவது, காசு எண்ணுவது, கழிப்பறை போக வேண்டும் என்பதைச் சொல்லக் கற்றுக்கொடுப்பது, இவைதான் பாடம்.

ஒரு சட்டைப் பொத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். "சட்டை போடப் பழக்க வேண்டும்" என்று எழுதினால் அது திட்டமே ஆகாது. "மூன்று மாதத்துக்குள், ஐந்து பொத்தான்களில் நான்கை, கையைப் பிடித்து உதவாமல், வாயால் சொன்ன அளவிலேயே போட வேண்டும்" என்று எழுதினால்தான் அது தனிநபர் கல்வித் திட்டம், அதாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக எழுதும் திட்டம். கற்றுக்கொடுப்பதும் கடைசியிலிருந்துதான். முதல் நான்கு பொத்தான்களை ஆசிரியர் போட்டுவிடுவார். ஐந்தாவதைத் துளையில் பாதி நுழைத்துவிட்டு, மீதியை இழுக்க மட்டும் பிள்ளையை விடுவார். வேலையை முடித்த திருப்தி பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. அது கைவந்த பிறகு ஐந்தாவது முழுவதும் பிள்ளையுடையது, அப்புறம் நான்காவது. சில பிள்ளைகளுக்கு ஒரு பொத்தானுக்கே ஒரு பருவம் ஓடிவிடும். இதில் சுவாரசியம் இருக்கிறது என்று தோன்றினால் இந்தப் பிரிவு உங்களுக்கு. சலிப்பாக இருக்கிறது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, பார்வைத்திறன் பிரிவையோ கற்றல் குறைபாட்டையோ பாருங்கள்.

இந்த வேலைக்கான கருவிகள் சிலவற்றை நம் ஊரிலேயே உருவாக்கியிருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பிள்ளையால் என்ன முடியும், என்ன முடியாது என்று குறித்துவைக்க எம்.டி.பி.எஸ். என்றொரு அளவுகோல் உண்டு. பெயரிலேயே மெட்ராஸ் இருக்கிறது. 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 வீதம் 360 செயல்கள். அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில் படித்தவர்கள் இதை நிரப்பாமல் படிப்பை முடித்திருக்க மாட்டார்கள்.

டி.எட்.டா, பி.எட்.டா?

டி.எட். சிறப்புக் கல்வி இரண்டு ஆண்டு. பிளஸ் டூவில் 50 விழுக்காடு வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. பி.எட். சிறப்புக் கல்வியும் இரண்டு ஆண்டுதான், ஆனால் பட்டம் முடித்த பிறகு. காகிதத்தில் பார்த்தால் பி.எட். பெரியது. வகுப்பறையில் அப்படித் தெரியாது. டி.எட். பெரும்பாலும் ஒரு சிறப்புப் பள்ளியோடு ஒட்டியே நடக்கும். காலையில் பிள்ளைகளோடு, மதியம் தியரி என்று இரண்டு ஆண்டு ஓடும். பி.எட்.டில் கல்வி உளவியல், இரண்டு பாடங்களுக்கான கற்பித்தல் முறை, மற்ற குறைபாடுகள் பற்றிய அறிமுகம், ஆய்வு, மதிப்பீடு என்று தாள்கள் நிறைய. பிள்ளைகளோடு இருக்கும் நேரம் அந்த அளவுக்குக் குறையும். சிறப்புப் பள்ளி முதல்வர்கள் பலர் முதல் நாளே வகுப்பில் இறக்கிவிட டி.எட். முடித்தவரைத்தான் விரும்புகிறார்கள். சம்பளப் பட்டியலில் மட்டும் பி.எட். முன்னால் நிற்கும்.

சட்டத் தகுதி என்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு வாசல். ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் ஏற்கும் தகுதிகளில் சிறப்புக் கல்வி டிப்ளமோவும் ஒன்று. ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் முதல் தாள் எழுத வேண்டும். பணியில் சேர்ந்தபின் தொடக்கக் கல்விக்கான ஆறு மாதப் பயிற்சி உண்டு. தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொன்ன பிறகு இந்த டிப்ளமோவின் மதிப்பு கூடியிருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு மேல் போக வேண்டும், பாட ஆசிரியராக வேண்டும் என்றால் பட்டமும் பி.எட்.டும் இல்லாமல் ஆகாது.

ஆகவே, பிளஸ் டூ முடித்தவருக்கு என் பதில் தயக்கமில்லாமல் டி.எட். இருபது வயதில் கையில் தொழில் இருக்கும். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடிக்கலாம், பிறகு பி.எட். படிக்கலாம். வகுப்பறையில் நான்கு ஆண்டு நின்றுவிட்டு பி.எட். படிக்கிறவருக்குத் தியரி வேறு மாதிரி புரியும். பட்டம் ஏற்கெனவே கையில் இருப்பவர் நேராக பி.எட். போகலாம். ஆனால் செய்முறைக்குப் பிள்ளைகளே இல்லாத கல்லூரியில் பி.எட். படிப்பதைவிட, நல்ல சிறப்புப் பள்ளியில் டி.எட். படிப்பது மேல்.

ஒரு விஷயத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை, 2030க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். தான் ஆசிரியர்களுக்குக் குறைந்தபட்சத் தகுதி என்று இலக்கு வைத்திருக்கிறது. ஆர்.சி.ஐ.யும் அந்தத் திசையில்தான் நகர்கிறது. எனவே நீங்கள் சேரும் ஆண்டில், நீங்கள் சேரும் கல்லூரிக்கு, நீங்கள் சேரும் பிரிவுக்கு அனுமதி இருக்கிறதா என்று ஆர்.சி.ஐ. இணையதளத்தில் நீங்களே பாருங்கள். "போன வருஷம் இருந்துச்சு" என்று அலுவலகத்தில் சொல்வது போதாது.

தொலைநிலையில் படிக்கலாமா?

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சிறப்புக் கல்வி பி.எட்.டைத் தொலைநிலையில் நடத்தி வந்திருக்கிறது. ஏற்கெனவே சிறப்புப் பள்ளியில் வேலை பார்ப்பவர், வீட்டிலேயே மாற்றுத்திறனாளிக் குழந்தை இருக்கிற அம்மா, இவர்களுக்கு இது நல்ல வழி, ஏனென்றால் செய்முறை அவர்களுக்கு அன்றாடம் கிடைக்கிறது. பிள்ளைகளோடு பழக்கமே இல்லாதவர் தொலைநிலையில் படித்தால் பதிவெண் கிடைக்கும். ஆனால் பிள்ளை மேசையைத் தள்ளிவிட்டுக் கத்தும்போது என்ன செய்வது என்பது கிடைக்காது.

தெரபி பக்கம்

பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி இரண்டையும் சிறப்புக் கல்வியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். பேச்சு, கேட்பியலுக்கான பி.ஏ.எஸ்.எல்.பி. இன்டர்ன்ஷிப் உட்பட நான்கு ஆண்டு. மைசூரில் இருக்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனமும் சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திராவும் இதில் பெயர் பெற்றவை. ஆக்குபேஷனல் தெரபி அதைவிடக் கொஞ்சம் நீளம். இரண்டுக்குமே பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் வேண்டும். கலைப்பிரிவில் படித்தவருக்கு இந்தக் கதவு அநேகமாக மூடியது.

வருமானத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் தெரபி ஜெயிக்கும். தெரபிஸ்ட் ஒரு அமர்வுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். நாற்பத்தைந்து நிமிடம் முடிந்தால் அடுத்த பிள்ளை. ஆசிரியர் மாதச் சம்பளத்துக்கு எட்டுப் பத்துப் பிள்ளைகளை நாள் முழுக்க வைத்துக்கொள்கிறார். சாப்பாடு, கழிப்பறை, வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பது, மாலையில் அம்மாவிடம் ஐந்து நிமிடம் பேசுவது எல்லாம் அதில் அடக்கம். ஆனால் அந்தப் பிள்ளை ஒரு வருடத்தில் எவ்வளவு மாறியது என்பதை அருகிலிருந்து பார்ப்பவரும் ஆசிரியர்தான். ஒரு தொழில்நுட்பத்தில் ஆழமாகப் போவதும், தனியாக கிளினிக் வைப்பதும் பிடிக்கும் என்றால் தெரபிக்குப் போங்கள். ஒரு பிள்ளையின் முழு நாளும் வேண்டும் என்பவர் அங்கே நிம்மதியாக இருக்க மாட்டார்.

வேலை பார்க்கும் இடம்

படிப்பு முடித்த பிறகு பலர் போய்ச் சேருவது பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர் வேலைக்கு. வட்டார வள மையம்தான் தலைமையிடம். அங்கிருந்து ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போக வேண்டும். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்க வேண்டும். மருத்துவ முகாம், உபகரணம் வழங்கும் முகாம், செயலியில் பதிவேற்றுவது என்று எழுத்து வேலையும் உண்டு. இரு சக்கர வாகனம் இல்லாமல் இந்த வேலையை நினைத்துப் பார்க்க முடியாது. சம்பளம் தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள்.

இதில் நம்பிக்கை தரும் திருப்பம் ஒன்று உண்டு. தொடக்கநிலையில் பத்து மாற்றுத்திறன் மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பு ஆசிரியர்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. 2025 மார்ச்சில், அதற்கான பணியிடங்களை அறிவித்து நிரப்புமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நீண்ட காலமாக ஒப்பந்தத்தில் இருப்பவர்களைப் பரிசீலிக்கக் குழு அமைக்கவும் சொன்னது. உத்தரவு நியமன ஆணையாகிக் கைக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்பது வேறு கதை. அதை மட்டும் நம்பி இந்தப் படிப்பில் சேராதீர்கள், ஆனால் இப்போது சேருகிறவருக்கு முன்பு சேர்ந்தவர்களைவிட வாய்ப்பு கூடுதல்தான்.

விண்ணப்பிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் "சிறப்பாசிரியர்" அறிவிப்பு என்றால் அது ஓவியம், தையல், இசை, உடற்கல்வி ஆசிரியர்களுக்கானது. ஆண்டுதோறும் யாராவது ஒருவர் அதைப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்கிறார்.

தொண்டு நிறுவனப் பள்ளிகளில் சம்பளம் குறைவு, கற்றுக்கொள்வது அதிகம். சென்னையில் வித்யாசாகர், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் மாதிரி இடங்களில் இரண்டு மூன்று ஆண்டு இருந்தவருக்கு அதற்குப் பிறகு எங்கும் மரியாதை உண்டு. தெரபிஸ்ட், சமூகப் பணியாளர், பெற்றோர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசுவதை அங்கேதான் பார்க்க முடியும். தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் சம்பளம் ஓரளவு நன்றாக இருக்கும். ஆனால் பல பள்ளிகளில் ஸ்பெஷல் எஜுகேட்டர் தனியாள். அவர் யாரிடம் சந்தேகம் கேட்பார்? பாட ஆசிரியர் விடுப்பு எடுத்தால் அந்த வகுப்புக்கும் அவரைத்தான் அனுப்புவார்கள். அதனால் முதல் வேலையாக அதை நான் யாருக்கும் சொல்வதில்லை, மூன்றாவது நான்காவது வேலையாகச் சொல்வேன்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் துறையில் ஆண்கள் குறைவு. பதினைந்து பதினாறு வயதுப் பையன்களுக்குக் குளியல், சவரம், கழிப்பறை கற்றுக்கொடுக்க ஆண் ஆசிரியர் கிடைக்காமல் பள்ளிகள் திண்டாடுகின்றன. வேலை தேடி அலைய வேண்டியிருக்காது.

ஆசிரியர்களை உருவாக்கும் ஆசிரியர்

பி.எட். முடித்து எம்.எட். சிறப்புக் கல்வியும் முடித்தால், டி.எட்., பி.எட். மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் பக்கம் போகலாம். கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் துறை இதற்குப் பழைய பெயர். பல்கலைக்கழகப் பணி என்றால் நெட் என்ற தகுதித் தேர்வு அல்லது பிஎச்.டி. வேண்டும். பயிற்றுநர்களுக்குப் பற்றாக்குறை இருக்கிறது, அதனால் பி.எட்., எம்.எட்., நெட் என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு இருபத்தாறு வயதில் விரிவுரையாளராகிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு பிள்ளைக்குக்கூடத் தனிநபர் கல்வித் திட்டம் எழுதி, அது தோற்று, திருத்தி எழுதிப் பார்க்காதவர் அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பார்? குறைந்தது ஐந்து ஆண்டு வகுப்பறை, அதற்குப் பிறகு எம்.எட். என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேருக்கும்

மாற்றுத்திறனாளி உடன்பிறப்போடு வளர்ந்த பிள்ளைக்கு: டி.எட். போங்கள், ஆனால் உங்கள் வீட்டில் இருக்கும் குறைபாட்டையே பிரிவாக எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டிலும் பள்ளியிலும் ஒரே கவலை என்றால் சீக்கிரம் களைத்துப்போவீர்கள்.

பொது பி.எட். முடித்துக் காத்திருப்பவருக்கு: இரண்டாவது பட்டம் இருந்தால் வேலை நிச்சயம் என்ற கணக்கில் வராதீர்கள். முதலில் ஒரு மாதம் பக்கத்துச் சிறப்புப் பள்ளியில் தன்னார்வலராகப் போய் வாருங்கள். எச்சில் துடைக்க, கடிபட, ஒரே சொல்லை நாற்பது தடவை சொல்ல மனம் ஒப்புகிறதா பாருங்கள். ஒப்பினால் அறிவுசார் குறைபாடு அல்லது ஆட்டிசம் பிரிவில் சேருங்கள். இல்லையென்றால் உங்கள் பாட அறிவு வீணாகாத பார்வைத்திறன் பிரிவு இருக்கிறது.

அம்மாக்களுக்கு: தொலைநிலை பி.எட். உங்களுக்கு ஏற்றது. ஆனால் உங்கள் குழந்தைக்கு நீங்களே ஆசிரியராக வேண்டும் என்பதற்காகப் படிக்காதீர்கள். அதற்கு இவ்வளவு தேவையில்லை. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் இருக்கும் தேசியப் பல்வகைக் குறைபாடு நிறுவனம் மாதிரி இடங்கள் பெற்றோருக்கென்றே பயிற்சி தருகின்றன, அது போதும். மற்ற குழந்தைகளுக்கும் வேலை செய்ய வேண்டும் என்று தோன்றினால் மட்டும் பி.எட்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது பிள்ளைகள் இருக்கும் நேரத்தில், காலை பத்து மணிவாக்கில் போங்கள். செய்முறைக்கு எந்தப் பள்ளி, வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு மாணவருக்கு எத்தனை பிள்ளைகள் பொறுப்பு என்று கேளுங்கள். போன ஆண்டு மாணவர் எழுதிய தனிநபர் கல்வித் திட்டக் கோப்பு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாக் கோப்பிலும் ஒரே கையெழுத்து, ஒரே இலக்கு, பிள்ளையின் பெயர் மட்டும் மாறியிருந்தால் விண்ணப்பப் படிவத்தை வாங்காமலே கிளம்பிவிடலாம்.